சம்மன் வந்ததும் செய்யக்கூடாதவை

புரோநோட்டுக் கடன் வழக்குகளில் ஏழைகள் பலர் கோர்ட் வாசலை மிதிக்காமலேயே தோற்றுவிடுகிறார்கள். அமீனா (கோர்ட் ஊழியர்) சம்மனை நீட்டும்போது, ‘வாங்கினால்தானே வழக்கு’ என்று கதவைச் சாத்துவதில் இது தொடங்குகிறது. வாங்க மறுத்தாலும் சார்வு ஆனதாகவே, அதாவது உங்கள் கைக்கு வந்துவிட்டதாகவே, கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவதும் அதே கதைதான். சம்மனோடு பிராது, அதாவது கடன் கொடுத்தவர் போட்ட வழக்கு மனுவின் நகல் இருக்கும். ஓ.எஸ். எண் (வழக்கு எண்), கோர்ட்டின் பெயர், ஆஜராக வேண்டிய தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சார்வான நாளிலிருந்து 30 நாளில் எதிருரை, அதாவது உங்கள் எழுத்துமூலப் பதில், தாக்கலாக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் வரை கோர்ட் அனுமதிக்கலாம். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான், அதாவது நீங்கள் இல்லாமலேயே வரும் ஒருதலைத் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்கவும் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சார்வாகாதவருக்கு மட்டும் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து கணக்கு.

வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. சம்மன், ஆதார், இருந்தால் சாதிச் சான்று ஆகியவற்றோடு கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுங்கள். 15100 எண்ணிலும் கேட்கலாம். அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பீஸ் கேட்டால் அதே குழுவில் புகார் எழுதலாம், தயங்க வேண்டாம்.

புரோநோட்டு விஷயத்தில் கவனிக்காமல் விடுவது அதன் பின்பக்கம். ‘இன்று 5,000 வரவு’ என்று எழுதி, கடன் வாங்கியவரிடமே கையெழுத்து வாங்குவார்கள். புரோநோட்டு மூன்று ஆண்டில் காலாவதியாகும் என்று அவர் நினைத்திருப்பார். கெடுவுக்குள் போட்ட அந்தக் கையெழுத்து, அன்றிலிருந்து இன்னொரு மூன்று ஆண்டைத் திறந்துவிடும். கட்டிய பணத்துக்குக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட தனி ரசீது வாங்குங்கள். முழுதும் தீர்ந்ததும் புரோநோட்டையே திரும்ப வாங்கிவிடுங்கள். தொகை எழுதாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்: கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், பணம் வாங்கவில்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் ஏறும்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் பேசுவதானால் தவணைத் தொகையையும் தேதிகளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்பு எதிராக வந்துவிட்டதென்று இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, கைவினைஞரின் தொழில் கருவி இவற்றை ஜப்தி செய்ய முடியாது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறையில் அடைக்கவும் முடியாது.