நீலகிரியில் இருவராகத் தங்க: தன்பால் இணையர்களுக்கான வழிகாட்டி

மாலத்தீவா, மலையா என்று யோசிக்கும் இணையர்கள் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். செலவுக் கணக்கு பிறகு. மாலத்தீவில் தன்பால் உறவு இன்றும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. இலங்கையில் அதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. செஷல்ஸ் 2016இல் தன் நாட்டின் இத்தகைய சட்டத்தை நீக்கியது. மொரிஷியஸில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 4 அன்று அதைச் செல்லாததாக்கியது. நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 முதல் வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றமில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் உங்களை மடக்கச் சட்டம் எதுவும் கிடையாது. சிக்கல் வருவது லாட்ஜ் வரவேற்பு மேசையிலும், ஆளில்லாத வியூ பாயின்ட்டிலும், வீட்டிலிருந்து வரும் போனிலும்தான். மூன்றையும் கிளம்பும் முன்பே சரி செய்துகொள்ளலாம்.

மலை ஏறும் வழி

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வந்தால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. வண்டி எண், ஆள் எண்ணிக்கை, வரும் நாள், எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதை இணையத்தில் நிரப்ப வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள், ஆகவே கடைசி நாளில் முயன்றால் கிடைக்காமல் போகும். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. ஓட்டுநரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பாத இணையர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்: சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில். மலை ரயில் டிக்கெட்டைப் பயணத்துக்கு 60 நாள் முன்பு, முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

மலையில் தடையுள்ள பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சமவெளியிலேயே விட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் அபராதம் கட்டும்போதுதான் தேவையில்லாத பேச்சு தொடங்கும்.

அறை

இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஒரே அறையில் தங்குவது தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஊட்டியின் பல காட்டேஜ்களில் 'ஃபேமிலி மட்டும், பேச்சலர்ஸுக்கு இல்லை' என்று விதி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கும்பலைத் தவிர்க்க வைத்த விதி அது. அதில் இரண்டு ஆண்களும் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு பெண்கள் என்றால் "வீட்ல யாரும் வரலையாம்மா?" என்று அப்பா நம்பர் கேட்கும் இடங்களும் உண்டு. ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு வந்து வாசலில் இதைக் கேட்பதுதான் மோசமான நிலைமை. டிசம்பர் ராத்திரி எட்டு மணிக்குக் கோத்தகிரியில் வேறு அறை தேடி அலைய முடியாது.

அதனால் முன்பதிவு செய்யும் முன் நேரடியாகப் போன் செய்யுங்கள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கேளுங்கள்: "ரெண்டு பேர், ரெண்டு பேரும் லேடீஸ், ஒரே ரூம், டபுள் பெட் வேணும். ஆதார் ரெண்டு பேருக்கும் இருக்கு. உங்க இடத்துல இதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே அண்ணா?" உறவு என்ன என்று நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை, பொய்யாக 'கசின்' என்றும் சொல்ல வேண்டாம். இரண்டு ஆதாரிலும் ஊரும் அப்பா பெயரும் வேறு வேறாக இருக்கும், பொய் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் 'வாங்க' என்றால், அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தேதி, இரண்டு பேர் பெயர், அறை வகை. வாசலில் பேச்சு மாறினால் காட்ட இந்த ஒரு வரி போதும்.

டபுள் பெட் என்று அழுத்திக் கேட்காவிட்டால் இரண்டு ஒற்றைக் கட்டில் அறைதான் தருவார்கள். குளிரில் அது தொல்லை. ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் வீடு அதே காம்பவுண்டிலா, சுவர் செங்கல்லா பலகைத் தடுப்பா என்றும் கேளுங்கள். பழைய பங்களாக்களில் பலகைத் தடுப்பு வழியாகப் பக்கத்து அறை இருமல்கூடக் கேட்கும்.

மேலாளர் 'போலீஸ் ரெய்டு வரும்' என்று பயமுறுத்தினால், மணமாகாத இரு வயது வந்தவர்கள் ஓட்டல் அறையில் தங்குவது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்ததை எடுத்துச் சொல்லலாம்.

வெளியே

கைகோத்து நடப்பதில் இங்கே பெரிய தொந்தரவு இருக்காது; நண்பர்கள் அப்படி நடப்பது வழக்கம். முத்தம், கட்டிப்பிடிப்பு என்றால் யாராக இருந்தாலும் பார்வை விழும். தனிமை தேடிக் காட்டுக்குள் இறங்காதீர்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலைகளும் பைன் மரக் காடுகளும் பெரும்பாலும் காப்புக் காடு. அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம் என்பதால், அதைச் சாக்காக வைத்து உங்களிடம் பணம் கேட்க யாருக்கும் வழி திறந்துவிடும். காட்டு மாடும் கரடியும் மாலை நாலரைக்கு மேல் தேயிலைப் பாத்திகளுக்கே வந்துவிடும் என்பது வேறு விஷயம். தனிமை அறையில் இருக்கட்டும்; அதற்காகத்தான் நல்ல அறைக்கு இவ்வளவு மெனக்கெடச் சொன்னோம்.

டேட்டிங் ஆப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அது காட்டுவது நேர்க்கோட்டுத் தூரம். குன்னூரில் இருந்து பார்த்தால் மேட்டுப்பாளையத்து ஆள் கிட்டத்தில் இருப்பதுபோல் தெரிவார். சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல், கொண்டை ஊசி வளைவுகளோடு. ராத்திரி அதை நம்பி இறங்காதீர்கள். முதல் சந்திப்பு பகலில், ஊட்டி சேரிங் கிராஸ், குன்னூர் பெட்போர்டு போல டீக்கடையும் ஆட்களும் இருக்கும் இடத்தில் நடக்கட்டும். வீடியோவை வைத்து மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், ஒருமுறை கொடுத்தால் தொடரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு 112இல் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

சின்ன ஊர் மருந்துக் கடையில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஆணுறையையும் 'வாட்டர் பேஸ்டு' லூப்ரிகன்ட்டையும் கோவையிலேயே வாங்கி வாருங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் ரப்பரை இளக்கிக் கிழித்துவிடும். ஆணுறை கிழிந்து பயமிருந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் நாளே, அரசு மருத்துவமனைக்குப் போய் எச்ஐவி தடுப்பு மருந்து கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மருந்துக்குப் பலன் இருக்காது. சந்தேகங்களுக்கு எச்ஐவி உதவி எண் 1097.

வீட்டார் தேடி வந்தால்

இணையர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான், அதிலும் பெண்கள். வீட்டார் 'பிள்ளையைக் காணோம்' என்று புகார் கொடுப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதற்காகவே வழிகாட்டுதல் வகுத்தார்: காணாமல்போனவர்கள் மனமொத்துச் சேர்ந்திருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், அவர்களின் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். இவர்களைத் துன்புறுத்தும் காவலர்கள்மீது துறை நடவடிக்கைக்கு வழி செய்யும் 24-சி விதியை 2022இல் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. மனதை 'மாற்றும்' சிகிச்சை என்று எந்த மருத்துவரிடம் இழுத்துப் போனாலும் அதுவும் தடை செய்யப்பட்டதே.

வீட்டில் அப்படி ஒரு வாய்ப்பு இருந்தால், கிளம்புமுன் இருவரும் தனித்தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, 'என் விருப்பத்தில் இன்னாருடன் போகிறேன், யாரும் கடத்தவில்லை', கையெழுத்து, தேதி. வயதுச் சான்றின் நகலை இணைத்து உங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் ஆதாரும் பத்தாம் வகுப்புச் சான்றும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். வீட்டில் விட்டு வந்த சான்றிதழைத் திரும்ப வாங்குவதற்குள் படாத பாடு படுவீர்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது என்பது விதி. விதிவிலக்குக்கும் பெண் அதிகாரியும் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். இலவச வழக்கறிஞருக்கு 15100. ஊட்டியிலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இங்கேயே குடியேறுபவர்களுக்கு

திருமண உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சொல்லிவிட்டதால், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதமாகச் சேர்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், சண்டை வரும் நாளில் மற்றவர் வெறும் விருந்தாளி ஆகிவிடுவார். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. கிளை மேலாளர் தயங்கினால் அந்த அறிவிப்பின் அச்சுப்படியை மேசையில் வையுங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, வாரிசு இல்லை. ஆகவே இரண்டு சாட்சிகளோடு உயிலும் எழுதுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், பிறகு உறவினர் வந்து அது போலி என்று சொல்வது கடினமாகும்.