பேறுகாலத்துக்குப் பின் கொழுப்புச் சதவீதம்: எப்போது அளப்பது, எப்படிப் படிப்பது

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கங்களில் நாற்பது நாள் பேறுகால மருந்தும் வேதுக்குளியும் (மூலிகை போட்டுக் கொதித்த வெந்நீர்க் குளியல்) முடிந்ததும், கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷினில் ஏறிப் பார்க்கும் தாய்மார்கள் உண்டு. 38, 41 என்று வரும் எண்ணைக் கண்டு பயந்து, மறுநாளே சோற்றைக் குறைத்துவிடுகிறார்கள். பால் கொடுக்கிற காலத்தில் இது கூடாது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சதவீதம் என்பது மொத்த எடையில் கொழுப்பின் பங்கு. 62 கிலோ எடையில் 36 சதவீதம் என்றால் சுமார் 22.3 கிலோ கொழுப்பு. மீதி 39.7 கிலோ தசை, எலும்பு, ரத்தம், நீர். மெஷின் கொழுப்பை நேராகப் பார்ப்பதில்லை. ஒரு பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, மறு பாதத்துக்கு வரும்போது எவ்வளவு தடை இருந்தது என்று பார்க்கிறது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடை கூடும். அந்தத் தடையோடு நாம் கொடுத்த உயரம், வயது, எடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு எண்ணைத் தருகிறது. ஆகவே உடலில் நீர் மாறினால் எண்ணும் மாறும். பெற்ற உடலில் மிக வேகமாக மாறுவது நீர்தான்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. காலில் நீர் கோர்க்கிறது. சிசேரியன் என்றால் நரம்பு வழியாக ஏற்றிய திரவமும் சேரும். இந்த நீர் நிற்கும்வரை தடை குறைந்து, கொழுப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நீர் வடிந்தபின், ஒரு கிராம் கொழுப்புகூடச் சேராமலே சதவீதம் ஏறும். "ஆஸ்பத்திரியில் இருந்து வந்தப்போ 34, இப்போ 38" என்று வருந்துவதில் பெரும்பகுதி இதுதான். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவும் சுமார் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் எடுக்கும் இடுப்பளவும் நம்பத்தக்கதல்ல. எட்டு வாரம் கழிந்தபின் எடுக்கும் அளவை முதல் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கர்ப்பத்தில் மூன்று, நான்கு கிலோ கொழுப்பு சேர்வது உடலின் ஏற்பாடு. பால் சுரக்க அது வேண்டும். தொடையிலும் இடுப்பிலும் படிந்த கொழுப்பைப் பால் கொடுக்கும் காலத்தில் உடல் எடுத்துச் செலவழிக்கிறது.

மெஷினில் ஏறும் முறை

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, குழந்தைக்கு இரண்டு பக்கமும் பால் கொடுத்து முடித்தபின், எதுவும் சாப்பிடும் முன் ஏறுங்கள். மார்பில் பால் கட்டியிருந்தால் எடையும் நீரும் சேர்ந்து கணக்கு மாறும். நம் ஊரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எண்ணெய். தன்வந்தரம் குழம்பு என்ற ஆயுர்வேதத் தைலமோ தேங்காய் எண்ணெயோ தேய்த்த பாதத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது, தடை கூடித் தெரியும். வேதுக்குளி முடிந்த சூட்டில் ஏறினால் நேர்மாறாக நடக்கும்: தோலில் ரத்த ஓட்டம் கூடி, தடை குறைந்து, கொழுப்பு குறைவாகக் காட்டும். இரண்டுமே பொய்யான எண். எண்ணெய்க் குளிக்கு முன்பே பாருங்கள். முந்தின நாள் எண்ணெய் பாதத்தில் மிச்சம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, துவர்த்தால் துடைத்துச் சற்று ஆறவிடுங்கள்.

மெஷினைப் பாயின்மேல் வைக்காதீர்கள். சமமான கெட்டித் தரை வேண்டும். வெறுங்காலோடு, தொடைகள் ஒன்றோடொன்று உரசாமல் நில்லுங்கள். வீட்டில் பலர் பயன்படுத்தும் மெஷின் என்றால் உங்கள் பெயரில் உங்கள் உயரமும் வயதும்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். அத்தையின் விவரத்தில் உங்களை எடுத்துக்கொண்டால் எண் முழுதும் தவறு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது.

வாரத்தில் மூன்று நாள் பார்த்து, மூன்றின் சராசரியை எழுதுங்கள். மாத முடிவில் சராசரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே நாளில் ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்குவதற்கு அர்த்தம் தேட வேண்டாம்.

டேப் சொல்லும் செய்தி

பாதம் வைத்து ஏறி நிற்கும் மெஷினின் மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய் வருவதால் வயிற்றுக் கொழுப்பை அது சரியாக அறியாது. அதனால் தையற்காரர் டேப் ஒன்று கட்டாயம் வேண்டும். வயிற்றுக்கட்டுத் துணியை அவிழ்த்து ஒரு மணி நேரமாவது ஆனபின், இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட முடிவில் அளவு எடுங்கள். உயரத்தை இந்த அளவால் வகுத்து, 20ஆல் பெருக்கி, வரும் விடையை 76இலிருந்து கழித்தால் பெண்களுக்கான ஒரு மதிப்பீடு கிடைக்கும். உயரம் 155 செ.மீ., இடுப்பு 85 செ.மீ. என்றால்: 155 ÷ 85 = 1.82. அதை 20ஆல் பெருக்க 36.4. 76இலிருந்து கழிக்க 39.6 சதவீதம்.

இந்தச் சூத்திரத்துக்கும் ஒரு குறை உண்டு. வயிற்றுத் தசை நடுவில் விலகியிருந்தால் வயிறு முன்தள்ளி, கொழுப்பு இல்லாமலே அளவு கூடும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இந்த வயிறு பட்டினியால் உள்ளே போகாது. துணியை இறுக்கிக் கட்டினாலும் கொழுப்பு கரையாது. அடிவயிற்றுத் தசைகளுக்குத்தான் பாரம்.

பெண்களுக்கு 25 முதல் 31 சதவீதம் வரை சாதாரணம் என்று அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் அட்டவணை சொல்கிறது. முதல் ஆறு மாதத்தில் அந்த அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டாம். நீண்ட காலத்துக்குக் குறியாக வைக்க வேண்டியது 80 செ.மீ.க்குக் குறைந்த இடுப்பளவு. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இரண்டு மாதக் கணக்கை ஒப்பிடுதல்

மேலே சொன்ன 62 கிலோ, 36 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். அடுத்து 61 கிலோ, 34 சதவீதம் வந்தால் கொழுப்பு 20.7 கிலோ. எடை ஒரு கிலோதான் குறைந்தது, கொழுப்பு 1.6 கிலோ குறைந்திருக்கிறது. நல்ல போக்கு. மாறாக 60 கிலோ ஆகியும் சதவீதம் 36இலேயே நின்றால் கொழுப்பு 0.7 கிலோதான் போனது, மீதி 1.3 கிலோ தசையும் நீரும். எடை அதிகம் குறைந்தது என்று சந்தோஷப்பட இதில் ஒன்றுமில்லை. அநேகமாகப் புரதம் போதவில்லை.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. புரதம் கூடுதலாக 17 கிராம். நம் சமையலில் அது எளிது: கஞ்சியோடு சிறுபயறு, சாளை மீன் கறி, ஒரு முட்டை. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சம்பாச் சோறும் வயிற்றை நிரப்பும், புரதம் அதிகம் தராது. வெறும் மரச்சீனியோடு நிறுத்தாமல் மீனைச் சேருங்கள். லேகியத்தில் கருப்பட்டியும் நெய்யும் உண்டு. நெய் ஒரு மேசைக்கரண்டி மட்டுமே ஏறக்குறைய 120 கலோரி. நாற்பது நாளுக்குப் பிறகும் லேகியத்தைக் கிண்ணம் கிண்ணமாகத் தொடர்ந்தால் அந்த 600 அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு மாதம் கழித்து மாதம் இரண்டு கிலோவுக்குள் குறைந்தால் போதும். 1800 கலோரிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

மெஷினை ஒதுக்கிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்கள் உண்டு. ஓரிரு நாளில் எடை திடீரென ஏறி முகமும் கையும் வீங்குதல், கடும் தலைவலி, கண் மங்கல், படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல். பெற்றபின் ஆறு வாரம் வரை ரத்த அழுத்தம் திடீரென ஏறக்கூடும். இதில் காத்திருக்கக் கூடாது. நான்காம் மாதத்துக்குப் பிறகு, சரியாகச் சாப்பிட்டும் நடந்தும் எண் அசையாமல், சோர்வும் முடி உதிர்தலும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால் தைராய்டுக்கு டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை எடுங்கள். முடி உதிர்வு மட்டும் என்றால் அந்த மாதங்களில் அது பலருக்கும் வருவதே.