புது மோட்டார் சைக்கிளின் முதல் சேர்விஸ்: எவ்வளவு முடியும், பில்லை எப்படிப் பார்ப்பது?

காலபோக நெல் விற்ற காசில், அல்லது லீசிங்கில், முதன்முறையாகப் புது மோட்டார் சைக்கிள் எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "முதல் சேர்விஸ் இலவசம் எண்டுதானே சொன்னவங்கள், பிறகு ஏன் காசு கேக்கினம்?"

இலவசம் என்பது கூலி மட்டும். வழமையாக உங்கள் சேர்விஸ் புத்தகத்தில் உள்ள இலவச சேர்விஸ் கூப்பனைக் கிழித்து எடுக்கும் சேர்விஸ் நிலையம், அந்தக் கூலியைக் கம்பனியிடம் பெற்றுக்கொள்ளும். ஒயில், பில்டர், வொஷர், கிரீஸ் போன்ற பொருட்களுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். இதில் ஏமாற்று இல்லை. ஆனால் வாங்கும்போது யாரும் இதை விளக்கமாகச் சொல்வதில்லை. மாதக் கட்டுப்பணமும் முதல் சேர்விஸும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போதுதான் வீட்டில் கை இறுகும். அதனால் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

1. சேர்விஸ் புத்தகத்தை எடுங்கள்

சீற்றுக்குக் கீழே, அல்லது ஷோரூமில் தந்த பையில் அது இருக்கும். முதல் சேர்விஸ் எத்தனை கிலோமீற்றரில், எத்தனை நாளில் என்று அதில் எழுதியிருக்கும். மாடலைப் பொறுத்து இது மாறும். பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் வரும். கிலோமீற்றர், நாள் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் ஸ்கூட்டரில் கிலோமீற்றர் ஏறியிருக்காது, ஆனால் நாள் கடந்திருக்கும். அப்படிக் கூப்பனை இழந்தால் கூலியும் உங்கள் தலையில்தான். பிறகு எஞ்சினில் ஏதும் பிரச்சினை வந்தால், உத்தரவாதத்தைக் கேட்கப் போகும் இடத்திலும் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஒயிலின் தரமும் அளவும் அதே புத்தகத்தில் இருக்கும். அவற்றை ஒரு துண்டில் எழுதி வையுங்கள், 5 ஆம் படியில் தேவைப்படும்.

2. எங்கே போவது என்று முதலே கேளுங்கள்

எடுத்த கடையிலேயே சேர்விஸ் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அந்தக் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற எந்த நிலையத்திலும் கூப்பன் செல்லும். வவுனியாவில் எடுத்த சைக்கிளைக் கிளிநொச்சியில் காட்டலாமா என்று ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டால் போதும். இரண்டு ஊருக்கும் இடையில் ஏ9 வீதியில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் இருக்கிறது. மாங்குளத்திலோ மல்லாவியிலோ இருப்பவருக்கு இந்தக் கேள்வி அரைநாள் வேலையைக் காப்பாற்றும்.

அழைப்பிலேயே இன்னும் இரண்டு விடயங்கள் கேளுங்கள். என் மாடலுக்கு முதல் சேர்விஸுக்கு மொத்தம் எவ்வளவு முடியும்? அந்தத் தொகைக்குள் வற் வரி அடங்குமா? சொல்லும் தொகையைத் திகதியோடு குறித்து வையுங்கள்.

3. நாளையும் நேரத்தையும் தெரிவு செய்யுங்கள்

வன்னியில் இருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நிலையம் பக்கத்தில் இல்லை. முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் வரவே சுமார் 50 கிலோமீற்றர். புத்தகத்தில் 750 என்று போட்டிருந்தால் மீற்றர் 750 காட்டும்வரை காத்திருக்காதீர்கள். பயணத்தின் தூரத்தைக் கழித்துவிட்டு, 650 அளவில் புறப்படுங்கள்.

ஏ9 இல் ஏறியதும் வீதி நேராகப் போகும், கை தானாகவே முறுக்கும். புது எஞ்சினில் பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டரோடு இன்னும் பழகவில்லை. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவதும், முழுதாக முறுக்குவதும் அதற்குக் கூடாது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, இடையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஆற விட்டுப் போங்கள். புத்தகத்திலோ டாங்கியில் ஒட்டிய ஸ்ரிக்கரிலோ சொல்லப்பட்ட வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

போனவுடனே மேலே ஏற்றி வேலை தொடங்கச் சொல்லவும் வேண்டாம். டெப்பெற் இடைவெளி, அதாவது வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் சரியாகப் பார்க்கலாம். 50 கிலோமீற்றர் ஓடி வந்த எஞ்சின் ஆற நேரம் எடுக்கும். காலையில் விட்டுவிட்டு வங்கி அலுவல், சந்தை அலுவலை முடித்து மத்தியானம் எடுப்பதுதான் நல்ல ஏற்பாடு.

4. சாவி கொடுக்க முன் ஜொப் காட்டை நிரப்புங்கள்

கவுண்டரில் ஒரு படிவம் எழுதுவார்கள், அதுதான் ஜொப் காட். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். விளங்காவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? இப்படிச் சொன்னால் போதும்:

"தம்பி, என்னென்ன மாத்தப்போறியள், ஒவ்வொண்டும் எவ்வளவு எண்டு எழுதித் தாங்கோ. அதுக்கு மேல ஏதும் செய்யிறதெண்டால் எனக்கு அடிச்சுக் கேட்டிட்டுச் செய்யுங்கோ."

மீற்றரில் இருக்கும் கிலோமீற்றரையும் பெற்றோல் அளவையும் அந்த ஜொப் காட்டில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கவனித்த குறைகளையும் அங்கேயே எழுதிக்கொடுங்கள்: கியர் இறுகுகிறது, பிரேக் பிடிக்கும்போது சத்தம் வருகிறது, ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது என்று. கிரவல் வீதியில் ஓடுபவர்கள் நட்டு, போல்ட் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்க்கும்படி தனியாகச் சொல்லுங்கள். ஹாண்டில் பெயரிங், சில்லு நட்டு, சைலன்சர் போல்ட் ஆகியவைதான் முதலில் தளரும். முதல் சேர்விஸின் பாதிப் பயன் இந்த இறுக்குதலில்தான் இருக்கிறது, அதற்குக் கூலியும் இல்லை.

5. ஒயிலில் நின்று நிதானியுங்கள்

பில்லில் பெரிய தொகை ஒயிலுக்குத்தான் போகும். ஆனால் குறைக்கக் கூடாத செலவும் அதுதான். புது எஞ்சினில் உராயும் பாகங்களில் இருந்து மிக நுண்ணிய உலோகத் துகள்கள் ஒயிலில் இறங்கும். வெளியே எடுத்த ஒயிலை வெயிலில் வைத்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி கலந்தது போல மினுங்கும். சேர்விஸ் நடக்கும்போது பக்கத்தில் நிற்க விட்டால் ஒருமுறை பாருங்கள். அதைப் பார்த்தவர் யாரும் "ஓடுறது கொஞ்சந்தானே, ஒயில் பிறகு மாத்துவம்" என்று சொல்ல மாட்டார்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் போத்தலில் "ஜாசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2" என்ற தரக் குறியீடு இருக்க வேண்டும். இந்த வகையில் கிளட்ச் ஒயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. காருக்கான ஒயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கை உண்டு. அது கிளட்சை வழுக்க வைக்கும். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டருக்கு "எம்பி" வகை பொருந்தும். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற எண்ணில் எது என்பதைப் புத்தகம் சொல்லும், அதையே கேளுங்கள்.

இனி அளவு. 100 முதல் 125 சிசி மோட்டார் சைக்கிளுக்குச் சுமார் ஒரு லீற்றர் பிடிக்கும். ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு அதைவிடக் குறைவு. ஒரு லீற்றர் போத்தலுக்குக் காசு எடுத்தால் மிச்ச ஒயில் உங்களுடையது. போத்தலோடு கேட்டு வாங்குங்கள், பிறகு அளவு குறைந்தால் ஊற்றலாம். பீப்பாயில் இருந்து அளந்து ஊற்றினால் ஊற்றிய அளவுக்கு மட்டுமே பில் வர வேண்டும்.

6. முதல் சேர்விஸில் மாற்றத் தேவையில்லாதவை

ஸ்பார்க் பிளக், பிரேக் லைனர், செயின் செற், பற்றரி: இவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். புதிதில் பழுதானால் அது உத்தரவாதத்தில் பார்க்க வேண்டிய விடயம், உங்கள் செலவில் அல்ல.

எயர் பில்டரும் இப்போதைக்குத் துப்புரவோடு போதும். ஆனால் ஆடி, ஆவணியில் எங்கள் உள் வீதிகளில் எழும்பும் புழுதி தெரியும்தானே. புத்தகத்தில் தூசி நிறைந்த இடங்களுக்கென்று தனிக் குறிப்பு இருந்தால் அதன்படி போங்கள். சில மாடல்களில் பில்டர் ஒயில் பூசிய கடதாசியால் ஆனது. அதைக் காற்றடித்துத் துப்புரவாக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சினில் ஊற்றுவதற்கென்று விற்கும் கூடுதல் மருந்துகள், பொலிஷ் பொதிகள் ஆகியவற்றை நான் வேண்டாம் என்றே சொல்வேன். விருப்பமில்லை என்று சொல்வது உங்கள் உரிமை.

7. பில்லை வரி வரியாகப் பாருங்கள்

எங்கள் ஊர் முன்பள்ளி ரீச்சர் ஒருவர் தன் ஸ்கூட்டரின் பில்லைக் கொண்டுவந்து காட்டினார். அதில் "செயின் லூப்" என்று ஒரு வரி. அந்த ஸ்கூட்டரில் செயினே இல்லை, உள்ளே பெல்ட்டில் ஓடுகிறது! திரும்பப் போய்க் கேட்டார், அந்தத் தொகையைக் கழித்துக் கொடுத்தார்கள். சிறிய தொகைதான். ஆனால் கேட்காதவர்கள் எத்தனை பேரிடம் இருந்து அது போயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

கணக்கு எப்படி ஓடும் என்று காட்ட ஒரு மாதிரி பில் போடுவோம். விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் நிலையத்தில் வேறாக இருக்கும்.

ஒயில் 3,200 ரூபா
ஒயில் பில்டர் 600 ரூபா
வொஷர் 100 ரூபா
கழுவுதல் 500 ரூபா
கிரீஸ், துணி போன்ற சில்லறைப் பொருட்கள் 250 ரூபா
கூலி: கூப்பன்

கூட்டினால் 4,650. இதற்கு 18 வீத வற் வரி 837 ரூபா, ஆக 5,487. (2024 ஜனவரி முதல் வற் 18 வீதம்.) ஆனால் ஒயில், பில்டர், வொஷர் மூன்றும் பொதியில் அச்சிட்ட சில்லறை விலைக்கே போடப்பட்டிருந்தால், அந்த விலைக்குள் வரி ஏற்கனவே அடங்கிவிட்டது. அப்போது வரி மிச்ச 750 ரூபாவுக்கு மட்டும், அதாவது 135. மொத்தம் 4,785. இரண்டுக்கும் வித்தியாசம் 702 ரூபா. அதனால்தான் போத்தலையும் பொதியையும் எறிய விடாதீர்கள், விலையைப் பாருங்கள் என்கிறேன். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். வற் வரி எடுப்பவர் அதற்குப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பில்லில் அந்தப் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும்.

போய்வரும் செலவையும் சேருங்கள். போக வர 100 கிலோமீற்றர் என்றால், லீற்றருக்கு 50 ஓடும் சைக்கிளுக்கு 2 லீற்றர் பெற்றோல். அன்று வேலைக்குப் போகாத கூலியும் உங்கள் செலவுதான்.

கேட்டும் சரியான பதில் வராவிட்டால் பில்லையும் ஜொப் காட்டையும் வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைக்கலாம். மாவட்டச் செயலகத்தில் அவர்களின் அலுவலர்களையும் சந்திக்கலாம்.

8. எடுத்துக்கொண்டு வெளிக்கிட முன்

சேர்விஸ் புத்தகத்தில் முத்திரை, திகதி, கிலோமீற்றர் மூன்றும் விழுந்திருக்க வேண்டும். பில்லை அந்தப் பக்கத்தோடு பின் அடித்து வையுங்கள். மை மங்கும் கடதாசி என்றால் போனில் ஒரு படமும் எடுங்கள்.

சைக்கிளை நேராக நிறுத்தி ஒயில் அளவைப் பாருங்கள். எஞ்சினில் ஒயில் அளவைப் பார்க்கும் கண்ணாடி உள்ள மாடலில் ஒயில் இரண்டு கோட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். செயின் உள்ளதென்றால் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எவ்வளவு தளர்வு வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, பல மாடல்களில் 20 முதல் 30 மில்லிமீற்றர். கழுவிய தண்ணீரோடு செயின் ஒயிலும் போயிருக்கும். கழுவிய பிறகுதான் செயினுக்கு ஒயில் விட்டார்களா என்று கேளுங்கள். நிலையத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

மறுநாள் காலையில் சைக்கிள் நின்ற இடத்தில் நிலத்தைப் பாருங்கள். ஒயில் சொட்டு இருந்தால் கீழ் போல்ட்டோ வொஷரோ சரியாக இருக்கவில்லை. ஓட்டாமல் நிலையத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். அதைத் திருத்துவது அவர்கள் பொறுப்பு.