மரம் அசையும்: வீட்டில் மரச்சாமான் செய்யத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே தச்சு வேலை பழகுபவர்கள் தாம் செய்த முதல் மேசையையோ அலமாரியையோ காட்டி, எங்கே பிழை நேர்ந்தது என்று கேட்கும்போது, பெரும்பாலும் எனக்கு விடையைத் தேட வேண்டியிருப்பதில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே சில இடங்களில்தான் இடறுகிறார்கள். நாங்கள் பழகிய காலத்தில் இடறிய இடங்களும் அவையே. அளவை இருமுறை பார்த்து வெட்ட வேண்டும், மழுங்கிய உளியோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பனவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றைச் சொல்லாவிட்டாலும் ஒரு பலகை வீணானதும் தானாகவே புரிந்துவிடும். இங்கே நான் எழுதுபவற்றில் பெரும்பாலானவை, சாமான் வீட்டுக்குள் வந்து, பாலிஷ் காய்ந்து, பார்த்தவர்களின் பாராட்டையும் பெற்று, மாதங்கள் கழித்து வெளிப்படுகிற தவறுகள். அவற்றிலும் ஒன்றைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் சேர்ந்து வீணாக்குவதைவிட அதிக மரத்தை அது வீணாக்குகிறது.

அறுத்த பலகை அடங்கிவிட்டது என்று நம்புவது

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும்போது விரியும், விடும்போது சுருங்கும். இது பச்சை மரத்துக்கு மட்டும் உரிய குணம் அன்று. நூறாண்டு பழைய கதவுப் பலகையும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதையே செய்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்த அசைவு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. மரத்தின் இழைகள் வைக்கோல் கட்டைப்போல நீளவாக்கில் அடுக்கப்பட்ட குழல்கள். ஈரம் அந்தக் குழல்களின் சுவரைப் பருக்கச் செய்கிறதே தவிர, குழலை நீட்டுவதில்லை. ஆகவே பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை நீளவாக்கில் ஏற்படும் சுருக்கம் 0.1 முதல் 0.2 சதவீதம் மட்டுமே. ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையிலோ தேக்கு 5.8 சதவீதமும் வெள்ளை ஓக் 10.5 சதவீதமும் சுருங்குகின்றன. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் இது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

சதவீதமாகச் சொல்லும்போது இது சிறிதாகத் தோன்றும். மேசையின் மேற்பலகைக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் அளவு புரியும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது, எனவே 5.8ஐ 30ஆல் வகுத்தால், ஈரப்பதம் 1 சதவீதம் மாறும்போதெல்லாம் தேக்குப் பலகையின் அகலம் ஏறத்தாழ 0.19 சதவீதம் மாறும். மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே மரத்தின் ஈரப்பதத்தில் 4 சதவீத வேறுபாடு வந்தால், 90 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்கு மேசை 7 மில்லிமீட்டர் அளவுக்கு அசையும். அதே மேசை வெள்ளை ஓக்கில் செய்யப்பட்டிருந்தால் அசைவு 12 மில்லிமீட்டரைத் தாண்டும். சிறந்த மரமாகத் தேர்ந்தெடுத்தால் இந்த அளவு குறையும். ஒருபோதும் சுழியம் ஆகாது.

இப்போது புதியவர்கள் வழக்கமாகச் செய்வதைப் பாருங்கள். பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி அகலமான மேற்பரப்பு ஒன்றை உருவாக்குகிறார்கள். அது வளைந்துவிடுமோ என்ற அச்சத்தில், இரு முனைகளிலும் குறுக்காக ஒரு சட்டத்தை வைத்துப் பசையிட்டுத் திருகாணியும் முடுக்கிவிடுகிறார்கள். குறுக்குச் சட்டத்தின் இழை ஒரு திசையிலும் பலகைகளின் இழை அதற்குச் செங்குத்தாகவும் கிடக்கின்றன. பலகைகள் அகலத்தில் சுருங்க வேண்டும். சட்டமோ தன் நீளத்தில் சுருங்காது. இரண்டையும் பிரிய முடியாதபடி கட்டிப்போட்ட பிறகு, எது வலுக்குறைந்ததோ அது கிழியும். மரம் எப்போதும் இழையோடுதான் கிழியும்.

எனக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் இப்படித்தான் ஓர் உணவு மேசை செய்தார். வேலை அப்பழுக்கில்லாதது, இணைப்புக் கோடுகளைத் தேடினால்கூடக் கண்ணில் படாது. வறண்ட காலம் வந்ததும், மேசையின் முனையில், குறுக்குச் சட்டத்தின் கடைசித் திருகாணிக்கு நேராக ஒரு விரிசல் தொடங்கி உள்நோக்கி ஒரு முழம் ஓடியிருந்தது. வாயருகே ஒரு நாணயத்தைச் செருகலாம். பலகையின் பக்கவிளிம்பை விரலால் தடவிப் பார்த்தால், முன்பு சமமாக இருந்த குறுக்குச் சட்டத்தின் நுனி ஒரு படிபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சட்டம் வளரவில்லை, பலகைதான் உள்வாங்கியிருந்தது. மரவியாபாரி ஏமாற்றிவிட்டார் என்று அவர் உறுதியாக நம்பினார். மரத்தில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவது விரிசலைவிட அதற்குச் செய்யப்படும் வைத்தியம்தான். மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலில் திணிக்கிறார்கள். கூடவே இன்னும் இரண்டு திருகாணிகளையும் சேர்த்து இறுக்குகிறார்கள். மழைக்காலத்தில் பலகை மீண்டும் விரியும்போது, மூட வேண்டிய வாயில் அந்தக் கெட்டியான பூச்சு ஆப்பாக நிற்கிறது. அடுத்த விரிசல் வேறோர் இடத்தில் வருகிறது. நோய் இறுக்கத்தால் வந்தது என்பதை ஏற்றுக்கொள்ளாமல் மேலும் இறுக்கினால் வேறென்ன நடக்கும்?

இதற்கான தீர்வு பழையது, எளிதும்கூட. பலகையைத் தட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் அகலவாக்கில் நகரவும் விட வேண்டும். குறுக்குச் சட்டம் வைப்பதானால் நடுவில் மட்டும் நிலையாகத் திருகாணி இட்டு, மற்றத் துளைகளை அகலவாக்கில் நீள்துளைகளாக வெட்டி, வாஷர் வைத்து அளவாக முடுக்குங்கள். பசையும் நடுப்பகுதியில் மட்டும் போதும். மேற்பலகையைக் கால்களோடு இணைக்கும் சட்டத்திலும் இதே விதிதான். சட்டத்தின் உட்புறம் ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதில் நாக்கு நுழையும் சிறு மரத்துண்டுகளைச் செய்து, அந்தத் துண்டுகளைப் பலகையின் அடியில் திருகாணியால் பொருத்தினால், பலகை விரியும்போது நாக்கு காடிக்குள் நகரும். இரும்பு மூலைத்தகடுகளை நாலாபுறமும் அடித்து இறுக்குவது குறுக்குச் சட்டத்தை ஒட்டுவதற்குச் சற்றும் குறைந்த குற்றம் அன்று.

பழைய கதவுகளில் சட்டங்களுக்கு நடுவே பலகை வைத்திருப்பதை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்தச் சிக்கலுக்கான தீர்வு. சட்டங்கள் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒன்றன் ஒடுக்கிய நுனி மற்றொன்றின் துளைக்குள் புகுந்து, உறுதியாக இணைந்திருக்கும். நடுப்பலகை காடிக்குள் பசையின்றி மிதந்துகொண்டிருக்கும். அந்தக் காடியில் நல்லெண்ணத்தோடு பசையை ஊற்றும் புதியவர், அதைக் கண்டுபிடித்தவர்களின் உழைப்பை ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறார். இழுப்பறைகளிலும் இதையே காணலாம்: வறண்ட காலத்தில் இடைவெளியே இல்லாமல் கச்சிதமாகச் செய்யப்பட்ட முழுமர இழுப்பறை, மழைக்காலத்தில் திறக்காது. பக்கப்பலகை எவ்வளவு உயரமோ அதற்கேற்ப மேலே இடம் விட வேண்டும்.

பிளைவுட்டில் செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்று மற்றொன்றை அசையவிடாது. முதல் அலமாரிக்கு அதையே நான் பரிந்துரைக்கிறேன். முழுமரம்தான் உயர்ந்தது என்ற வீம்பு பழகும் காலத்தில் வேண்டாம்.

பூச்சு அடித்தால் ஈரம் நுழையாது என்பது

நுழையும். வார்னிஷ், பாலிஷ், எண்ணெய் எதுவாயினும் ஈரத்தின் வேகத்தைத்தான் குறைக்கிறது. மேற்புறத்துக்கு மூன்று பூச்சு கொடுத்து, கண்ணுக்குத் தெரியாது என்று அடிப்புறத்தை வெறுமையாக விட்டால், இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரத்தை வாங்கிப் பலகை குழிந்துவிடும். அடிப்புறத்துக்கும் அதே பூச்சைக் கொடுங்கள்.

ஈர மரத்தில் வேலையைத் தொடங்குவது

வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கான மரம், தட்பவெப்பத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 6 முதல் 12 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காற்றில் உலர்த்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சூளையில் உலர்த்திய மரம் வாங்கினால் காத்திருப்பு குறையும். ஆனால் சூளை மரமும் திறந்த கொட்டகையில் கிடந்திருந்தால் ஈரத்தைத் திரும்ப வாங்கியிருக்கும். ஈரமானி இல்லாதவர்கள் சமையலறைத் தராசையே பயன்படுத்தலாம். பலகையின் நுனியை விட்டு உட்பக்கத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, 100 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டிய அடுப்பறையில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, மீண்டும் எடை போடுங்கள். எடை எவ்வளவு குறைந்ததோ அந்த அளவை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பதச் சதவீதம் கிடைக்கும்.

வாங்கி வந்த பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சாமான் நிற்கப்போகும் அறையிலேயே, பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, காற்று புகும்படி சில வாரங்கள் அடுக்கி வையுங்கள். வளைய வேண்டிய பலகை அங்கேயே வளைந்துவிட்டால் இழைப்புளியால் சரிசெய்துவிடலாம். மேசையான பிறகு வளைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வைரப் பகுதியோடு (மரத்தின் உறுதியான உட்பகுதி) வெளிறும் (பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதி) கலந்த பலகையை மலிவு என்று வாங்குவதும் சிக்கனம் ஆகாது. பூச்சி முதலில் புகும் இடம் வெளிறுதான்.

புத்தகத் தட்டை நீளமாக வைப்பது

தட்டின் நடுவில் ஒரே சுமையை வைத்துக்கொண்டு நீளத்தை இருமடங்காக்கினால் தொய்வு எட்டு மடங்காகும். சுமை தட்டு முழுதும் பரவியிருந்தால், அதாவது புத்தகங்கள் வரிசையாக நின்றால், நீளத்தோடு சுமையும் கூடுவதால் தொய்வு பதினாறு மடங்காகிவிடும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: கனத்தை இருமடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் தட்டின் முன்விளிம்பில் நிமிர்த்தி ஒட்டிய ஒரு குறுகிய சட்டம், அதன் எடைக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு வலுவைத் தருகிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் புத்தகம் அடுக்குவதானால் 75 சென்டிமீட்டருக்கு மேல் தாங்கலின்றி நீட்டாதீர்கள். துகள்பலகையில் அதைவிடவும் குறைவாக.

தொய்வு மெதுவாக வருவது. செய்து முடித்த நாளில் தட்டின்மேல் ஏறி நின்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எதையும் நிரூபிப்பதில்லை.

வெட்டுமுனையில் பசையை நம்புவது

பலகையின் பக்கவிளிம்போடு பக்கவிளிம்பை ஒட்டினால், வெள்ளைப் பசையின் இணைப்பு மரத்தைவிட உறுதியாக நிற்கும். உடைத்துப் பார்த்தால் பசைக்கோட்டுக்கு அருகில் மரம்தான் பிளந்திருக்கும். வெட்டுமுனையை, அதாவது இழைக்குக் குறுக்கே அறுத்த முனையை, ஒட்டும்போது கதை வேறு. திறந்த குழல்வாய்கள் பசையை உறிஞ்சிக்கொள்வதால் நாற்காலியின் கால் சில மாதங்களில் ஆடத் தொடங்குகிறது. அங்கே கழுந்தும் துளையுமோ, இரு துண்டுகளிலும் துளையிட்டுச் செருகும் முளைக்குச்சியோ கட்டாயம் வேண்டும். வெட்டுமுனைக்குள் திருகாணியை மட்டும் செலுத்தினாலும் நெடுநாள் பிடிக்காது, ஏனெனில் மரை அங்கே இழைகளை நறுக்கிவிடுகிறது. தேக்கைப் போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரத்தை இழைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும். தாமதமானால் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்த பிறகு ஒட்டலாம்.

பசையிடுவதற்கு முன் சாமான் முழுவதையும் ஒருமுறை பசையின்றிக் கூட்டிப் பாருங்கள். கிளாம்ப்களை இறுக்கியதும் இரு மூலைவிட்டங்களையும் அளவுநாடாவால் அளந்து, நீளமான மூலைவிட்டம் உள்ள பக்கமாக அழுத்தினால் சட்டம் செங்கோணத்துக்கு வந்துவிடும். பசை காய்ந்த பிறகு மூலைமட்டத்தை எடுத்து வருவதில் பயனில்லை.

முன்துளை இல்லாமல் திருகாணி

பலகையின் முனை பிளக்கும். மரையைச் சேர்க்காமல் திருகாணியின் தண்டளவுக்குத் துளை போடுங்கள்.

ரம்பத்தின் கனத்தை மறப்பது

ஒவ்வொரு வெட்டும் 2 அல்லது 3 மில்லிமீட்டரைத் தூளாக்குகிறது. கோட்டின் எந்தப் பக்கம் கழிவு என்று வெட்டும் முன்பே பெருக்கல் குறி இட்டுக்கொள்ளுங்கள்.

உப்புத்தாளில் படிகளைத் தாண்டுவது

80ஆம் எண் தாளில் தேய்த்துவிட்டு நேராக 220க்குப் போகிறவர்கள், 80 விட்ட கீறல்களைப் பளபளப்பாக்குகிறார்களே தவிர நீக்குவதில்லை. மூலைகளில் பிதுங்கிக் காய்ந்த பசையும் அப்படித்தான். சாயம் ஏறியவுடன் வெள்ளைத் திட்டாகத் தெரியும். 80, 120, 180, 220 என்று வரிசையாக, எப்போதும் இழையின் திசையிலேயே தேயுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் விளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால், குறுக்குக் கீறல்கள் நிழலோடு எழுந்து நிற்கும். 220க்கு மேல் போவதில் பெரும்பாலான பூச்சுகளுக்குப் பயன் ஏதும் இல்லை.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறிவது

ஆளிவிதை எண்ணெய் காய்வது ஆக்சிஜனோடு சேர்வதால். அப்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். துணியைத் திறந்தவெளியில் மடிப்பில்லாமல் விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரப்பிய, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் அமிழ்த்தி வையுங்கள்.