‘மா’ எங்கிருந்து வந்தது? ஒரு சொல்லின் வேரைத் தேடிப் பழகுவோம்

சொல்லின் வேரைத் தேடப் புதிதாகப் பழகுகிறவர்கள் குட்டிச் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பது ‘மா’. ஒற்றை எழுத்துதானே, சுலபம் என்று நினைக்க வேண்டாம். சொல் சின்னதாக ஆக ஆக ஏமாறுவதும் அதிகம்.

படி 1: முதலில் தமிழுக்குள்ளேயே தேடுங்கள்

பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். மாமரம், அரைத்த மாவு, பெரிய, விலங்கு (அரிமா என்றால் சிங்கம், கைம்மா என்றால் யானை), குதிரை. அப்புறம் ஒரு பின்னமும் உண்டு. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டுங்கள்: 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. அந்த 1/16-க்குப் பெயரே மாகாணி! வாய்ப்பாட்டில் எனக்குப் பிடித்த இடம் இது.

இத்தனையும் ஒரே வேரிலிருந்து வந்தவை அல்ல. நல்ல அகராதியில் ‘மா’ பக்கத்தில் சின்னதாக 1, 2, 3 என்று எண் இருக்கும். எண் மாறினால் அது வேறு சொல். எழுத்து மட்டும்தான் ஒன்று.

படி 2: எழுத்தை நம்பாதீர்கள், ஒலியைக் கேளுங்கள்

சீன மாண்டரினில் குரல் சமமாக நீண்டால் ‘மா’ அம்மா. ஏறினால் சணல், இறங்கி ஏறினால் குதிரை, சட்டென்று இறங்கினால் திட்டுதல். தமிழில் எழுதினால் நான்கும் ‘மா’தான்.

படி 3: சொல்லின் பழைய வடிவத்தைப் பாருங்கள்

இத்தாலியனில் ‘மா’ என்றால் ‘ஆனால்’, பிரெஞ்சில் ‘என்னுடைய’. இரண்டும் லத்தீன் பெற்ற மொழிகள், ஆகவே ஒரே சொல் என்று தோன்றும். ஆனால் முதலாவது ‘மகிஸ்’ தேய்ந்து வந்தது, இரண்டாவது ‘மெயா’ சுருங்கியது. எஸ்தோனிய மொழியில் ‘நான்’ என்பதும் ‘மா’தான், அது ‘மினா’வின் குறுக்கம்.

படி 4: பிரித்துப் போடுங்கள்

கடன் வாங்கியதா? மாங்காய் போர்ச்சுகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது. இது கடன்.

குழந்தைப் பேச்சா? உதட்டை மூடித் திறந்தாலே ‘மா’ வந்துவிடும். அதனால்தான் தொடர்பே இல்லாத பல மொழிகளில் தாய்க்கு அந்த ஒலி. ஜார்ஜிய மொழி மட்டும் குறும்பு செய்கிறது: அங்கே ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தேதா’!

மீதியெல்லாம் தற்செயல். ஹங்கேரியனில் ‘மா’ இன்று, ஜப்பானியத்தில் இடைவெளி.

சரி, குதிரை? தமிழிலும் மா, சீனத்திலும் மா. இதைப் பார்த்ததும் நானும் துள்ளிக் குதித்தேன். பிறகு படி 3-ஐச் செய்தேன். சீனச் சொல்லின் பழைய வடிவத்தை ‘ம்ர’ என்பதுபோல் ரகரத்தோடு மீட்டமைக்கிறார்கள். தமிழிலோ ‘மா’ பொதுவாக விலங்கு. குதிரை அதில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே போட்டிருந்த கோட்டை ரப்பரால் அழித்துவிட்டேன்.