லீவு இருப்பைத் திருத்தும் முன் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள்

எச்ஆர் மென்பொருளில் ஒருவரின் லீவு இருப்பு தப்பாகத் தெரிந்தால் உடனே எண்ணை மாற்றிவிடாதீர்கள், அவர் எந்த ஊர் விடுமுறைப் பட்டியலில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கிளை வைத்திருக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாள், இரண்டும் புதுச்சேரியில் அரசு விடுமுறை, கடலூரில் இல்லை.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றலானவர் அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை லீவு போடுகிறார், மூன்றும் வார நாட்கள் என்று வையுங்கள். கழிய வேண்டியது 2 நாள். பழைய பட்டியலிலேயே அவர் இருந்தால் 3 கழிந்துவிடும். இருப்பில் 1 கூட்டினால் அன்றைக்குச் சரியாகும், ஆகஸ்டில் அதே தப்பு திரும்ப வரும். பட்டியலை மாற்றினாலும் ஏற்கெனவே ஒப்புதலான லீவு பல மென்பொருள்களில் தானாகத் திருந்தாது, ரத்து செய்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

அப்புறமும் இடித்தால் மட்டும் கூட்டல் கழித்தலைத் தனிப் பதிவாக, காரணம் எழுதிப் போடுங்கள். தேதியில் கவனம்: போன ஆண்டுத் தப்பை ஜனவரியில் திருத்தினால் டிசம்பர் 31 தேதியிட்டுப் போட்டு, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் கணக்கை மறுபடி ஓட்டுங்கள், இல்லையென்றால் 30 நாள் உச்சவரம்பு வைத்திருக்கும் இடங்களில் அந்த வரம்பே தாண்டிப்போகும். திருத்தியதை அந்த ஊழியரிடமும் சொல்லிவிடுங்கள், அது அவர் உழைத்துச் சேர்த்த நாள்.