முற்றத்துக்கு ஒரு மர மடக்கு நாற்காலி: பார்த்து வாங்குவதும் பாகங்களைப் பூட்டுவதும்

மடக்கு நாற்காலி வாங்கப் போகிறவர்கள் முதலில் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் விலை கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது அது மடங்கும் இடத்தை. சாதாரண நாற்காலியில் காலும் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பசை போட்டு இறுக்கியிருக்கும். பாரம் மரம் முழுக்கப் பரவி இறங்கும். மடக்கு நாற்காலியில் அப்படி இல்லை. உட்காருகிறவரின் எடை பெரும்பாலும் ஒரு விரல் கனம்கூட இல்லாத சில போல்ட்டுகள் வழியாகத்தான் கீழே போகிறது. அந்தத் துளையைச் சுற்றி மரம் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். வருஷத்தில் பாதி நாள் நாங்கள் மூன்று நான்கு பேர்தான். படைப்பு (முன்னோருக்குப் படையல்), சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), கல்யாணம் என்று வந்தால், முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு நிறைந்துவிடும். அதனால் நாற்காலி வேண்டும், ஆனால் அது எப்போதும் முற்றத்தில் கிடக்கக்கூடாது. மிளகாயும் வடகமும் காயவைப்பது அங்கேதான், விசேஷத்துக்குக் கோலம் போடுவதும் அங்கேதான். போதாக்குறைக்கு நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் அந்த முற்றத்தில்தான் விழும். சாயங்காலம் விரித்துப் போட்டு, ராத்திரி மடக்கிப் பத்தியில் (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்) சாத்தி வைக்கிற மாதிரி நாற்காலிதான் இந்த வீடுகளுக்குத் தோது.

சரி, மரம். நம் வீட்டுத் தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. அதைப் பார்த்தே வளர்ந்ததால், தேக்கு என்று சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் நாற்காலிகளில் நிறைய இளம் தோட்டத் தேக்கில் செய்தவை. சின்ன வயதில் வெட்டிய மரத்தில் வைரம், அதாவது நடுவில் முதிர்ந்த மரம், குறைவு, வெளிப்பக்கத்து வெள்ளை மரம் அதிகம். கறையானையும் தண்ணீரையும் தாங்குவது வைரம்தான், வெள்ளைக்கு அந்தச் சக்தி கிடையாது. ஒரே சட்டத்தில் பாதி தேன் நிறம், பாதி வெளுப்பு என்று இருந்தால் அந்த வெளுப்புப் பக்கம் முதலில் போகும். பாலிஷ் அடித்து மறைத்திருப்பார்கள். அதனால் நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கையின் அடிப்பக்கமும் கால் நுனியும் பாருங்கள்.

ரப்பர் மரம் விலை குறைவு, இழைப்பும் அழகாக இருக்கும். வீட்டுக்குள் போட்டால் நல்ல மரம்தான். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சையும் விரும்பி வரும். மருந்தேற்றித்தான் விற்கிறார்கள், அந்த மருந்து மழையில் நனைய நனையக் கரைந்து போகும். முற்றத்துக்கு வேண்டாம். ஆன்லைனில் தோட்ட நாற்காலி என்று தேடினால் அக்கேசியா மரத்தில் நிறைய வரும். வருஷம் தவறாமல் எண்ணெய் கொடுக்க முடியும் என்றால் அது தேக்குக்கு அடுத்தபடி. உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்வதானால் பலா, வேம்பு, பூவரசு மூன்றும் நம் வெயிலுக்குப் பழகிய மரங்கள். நன்றாகக் காய்ந்த பலகையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை மரத்தில் துளை போட்டால், காய்ந்தபின் துளை கோணிக்கொள்ளும், நாற்காலி மடங்காது. கண்மாய் ஓரமெல்லாம் நிற்கிற சீமைக்கருவேலம் நல்ல கெட்டி, ஆனால் நேராக நாலடிச் சட்டம் எடுப்பது கஷ்டம்.

எந்த மரமானாலும் ரேகை ஓடும் திசையைப் பாருங்கள். காலின் நீளத்தோடு கூடவே ரேகை ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து வெளியேறினால், அதுவும் போல்ட் துளைக்குப் பக்கத்தில் வெளியேறினால், அந்தக் கால் ஒரு நாள் அங்கேதான் பிளக்கும். துளை பக்கத்தில் கணு இருந்தாலும் அதே கதை. துளைக்கும் சட்டத்தின் ஓரத்துக்கும் நடுவில் மரம் மெலிந்து இருந்தால் எடுக்காதீர்கள். கடைக்காரர் எவ்வளவு பேசினாலும் இதில் நான் இறங்கி வருவதில்லை.

அப்புறம், விரித்துப் பாருங்கள், மடக்கிப் பாருங்கள். ஒரு கையால் முடிய வேண்டும். விரித்து நிறுத்திப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், முதுகுச் சட்டத்தின் உச்சி எவ்வளவு பின்னால் சாய்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் பின்கால் நுனியும் போயிருக்க வேண்டும். பின்கால் உள்ளே அடங்கியிருந்தால் சாய்ந்ததும் மல்லாத்திவிடும். உட்கார்ந்து இடமும் வலமும் ஆடிப் பாருங்கள். லேசாக நெளிவது மடக்கு நாற்காலிக்கு இயல்பு, ஆனால் 'கடக்' என்று சத்தம் வந்தால் துளை போல்ட்டை விடப் பெரியது.

பெரியவர்கள் உட்காருவதற்கென்றால் இன்னும் இரண்டு விஷயம். இருக்கையின் உயரம் பொதுவாக 43 முதல் 45 செ.மீ. வரை இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று செ.மீ. கூடினால் எழுவது எளிது. கைப்பிடி இல்லாத நாற்காலி எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) உதவாது, அதை ஊன்றித்தான் எழுவார். அதனால் கைப்பிடியின் முன்நுனியில் இரண்டு கையையும் வைத்து முழு எடையையும் கொடுத்து அழுத்திப் பாருங்கள். சில நாற்காலிகள் அப்படி அழுத்தும்போது முன்பக்கம் கவிழப் பார்க்கும், சில மடங்கவே ஆரம்பிக்கும். அந்த இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்பது பெட்டியில் இருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

பழைய நாற்காலி பிடிக்கும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தேடலாம். பழைய மரத்தின் தரம் புதிதில் கிடைப்பது அரிது. ஆனால் பல வருஷம் மடக்கி விரித்ததில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். இது தீராத குறை இல்லை. ஆசாரியிடம் கொடுத்தால் துளையை மர முளையால் அடைத்துப் புதிதாகத் துளைத்துத் தருவார், பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே செருகிவிட்டால் இன்னும் நல்லது. பூச்சி போட்ட குண்டூசித் துளைகளும் அதன் கீழே புது மாவும் தெரிந்தால் மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தூணும் நிலையும் மரமாக உள்ள வீட்டில் அந்தப் பூச்சியை விடுவது பெரிய நஷ்டம்.

இனிப் பூட்டும் வேலை. பெட்டியில் துண்டுகளாக வரும் நாற்காலிக்குப் பொறுமைதான் பாதி வேலை. முதலில் சமுக்காளத்தை விரித்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகளின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது, போல்ட்டோ ஸ்பேனரோ விழுந்தால் கீறும், ஓரம் தெறிக்கும். எல்லாத் துண்டுகளையும் பரப்பி, தாளில் உள்ள படத்தோடு ஒத்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் முன்காலில் தொடங்கி முதுகு வரை போகும் நீளச் சட்டம் இரண்டு, பின்காலாகும் குட்டைச் சட்டம் இரண்டு, இருக்கை, கைப்பிடி, குறுக்குக் கட்டைகள் இருக்கும். நீளச் சட்டங்கள் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்று இடது, ஒன்று வலது. துளையின் ஒரு பக்கம் போல்ட் தலை அமர அகலமாகக் குடைந்திருக்கும், அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். பென்சிலால் அப்போதே 'இ', 'வ' என்று குறித்து வையுங்கள்.

எண்ணெய் கொடுப்பது பூட்டுவதற்கு முன்னால். பூட்டியபின் துளைக்குள்ளும், மரமும் மரமும் உரசும் முகத்திலும் துணி நுழையாது, மழைத்தண்ணீர் மட்டும் நுழையும். ஆன்லைனில் வாங்கும் டீக் ஆயிலும் சரி, பெயிண்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் சரி. துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் காயவிட்டு இன்னொரு முறை. கால் நுனிக்கு மட்டும் குடிக்கிற வரை கொடுங்கள், வெட்டுமுகம்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். வார்னிஷை முற்றத்து நாற்காலிக்கு நான் சொல்லமாட்டேன். வெயிலில் அந்தப் படலம் வெடித்து, இடுக்கில் தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்கிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் போட்டு வையுங்கள். மரவீட்டில் இருப்பவர்கள் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மரம் காய்ந்ததும் நீளச் சட்டமும் குட்டைச் சட்டமும் குறுக்கிடும் இடத்தில் போல்ட் போடுங்கள். இரண்டு மரத்துக்கும் நடுவில் ஒரு வாஷர் கட்டாயம், நைலான் வாஷர் கிடைத்தால் உத்தமம். பங்குனி வெயிலில் சுருங்கும் மரம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊதும். நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் அப்போது மரத்தோடு மரம் பிடித்துக்கொள்ளும், பலவந்தமாக மடக்கினால் துளை பிளக்கும். நட்டுக்குக் கீழேயும் ஒரு வாஷர் போடுங்கள், மரத்துக்குள் புதையாது. மடங்கும் இடத்துக்கு நைலாக் நட்டுதான் சரி. சாதா நட்டை இறுக்கினால் மடங்காது, தளர்த்தினால் கழன்று விழும். நைலாக்கில் உள்ளே நைலான் வளையம் இருப்பதால் நீங்கள் விட்ட இடத்தில் நிற்கும். பெட்டியில் வந்த போல்ட்டுகள் சாதா இரும்பாக இருந்தால், ஹார்டுவேர் கடையில் அதே அளவில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்கி மாற்றிவிடுங்கள். துரு மரத்தைக் கறுப்பாக்கும், சேலையையும் வேட்டியையும் கறையாக்கும். சேலை மாட்டாமலிருக்க நட்டு உள்பக்கம், தலை வெளிப்பக்கம்.

முதல் சுற்றில் எதையும் முழுக்க இறுக்காதீர்கள். எல்லாப் போல்ட்டும் கையால் திருகிய அளவில் நிற்கட்டும். இருக்கையைப் பொருத்தி, குறுக்குக் கட்டைகளைச் சேர்த்து, ஒருமுறை மடக்கி விரித்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் சமமான தளத்தில் நிறுத்துங்கள். முற்றத்தில் அல்ல, அங்கே தளம் தண்ணீர்ப் போக்குக்காகச் சாய்ந்திருக்கும். ஒருவரை உட்காரச் சொல்லி, அவர் உட்கார்ந்திருக்கும்போதே குறுக்குக் கட்டைகளை இறுக்குங்கள், மடங்கும் போல்ட்டுகளைக் கடைசியில். மடங்கும் போல்ட்டை இறுக்கம் தட்டும் வரை திருகி, அங்கிருந்து கால் சுற்று பின்னால் விட்டால் போதும். கால் ஒன்று தரையைத் தொடாமல் ஆடினால் உடனே ரம்பத்தை எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி உட்காரவைத்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இருக்கைப் பட்டைகளை நீங்களே திருகவேண்டி வந்தால், திருகாணியை விடக் கொஞ்சம் மெலிந்த துளை முதலில் போட வேண்டும். 4 மி.மீ. திருகாணிக்குத் தேக்கில் ஏறக்குறைய 3 மி.மீ. துளை. பித்தளைத் திருகாணி மென்மையானது, கெட்டி மரத்தில் நேராக ஏற்றினால் தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கிப் பாதை போட்டுவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி ஏற்றுங்கள். பட்டைகளுக்கு நடுவில் 5 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள், மழைத்தண்ணீர் நிற்காது.

கால்களுக்கு நைலான் குமிழ் அடித்தால் ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழாது. கறுப்பு ரப்பர் தொப்பி வேண்டாம், கல்லில் கறை பிடிக்கும், உள்ளே தண்ணீர் தேங்கி கால் நுனியும் உளுத்துப் போகும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் நாற்காலியை மடக்குவது பெரியவர்கள் வேலையாக இருக்கட்டும். இருக்கைக்கும் பின்சட்டத்துக்கும் நடுவில் விரல் மாட்டினால் நசுங்கும். மடக்கியதைச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் நேராகச் சாத்தாதீர்கள், மெருகு போய்விடும். அறைக்குள் இரண்டு கட்டைகளின் மேல் தரையில் படாமல் வைத்தால் கறையான் ஏறினாலும் கண்ணில் படும். தேக்கு வெயிலில் சாம்பல் நிறமாவது மேல்தோல் மட்டும்தான், மரம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய நிறம் வேண்டும் என்றால் உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் கொடுக்க மாசி, பங்குனி தோதான காலம், சீக்கிரம் காயும்.

விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாள் ஒவ்வொரு நாற்காலியையும் விரித்து, நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். ஆடுகிற ஒன்று இருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் யாராவது அதைத்தான் பெரியவர்களுக்குப் போடுவார்கள். 6 மி.மீ. நைலாக் நட்டும் வாஷரும் கொஞ்சம், 10 மி.மீ. ஸ்பேனர் ஒன்று, எல்லாவற்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு நாற்காலிகள் இருக்கும் அறையிலேயே ஆணியில் மாட்டி வைத்தால் தேடி அலைய வேண்டாம்.